நாய் பாய்ந்து வந்தால்: தற்காப்பும் சட்டமும், ஒரு முழுமையான வழிகாட்டி

நாய் துரத்தினால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த வழி இரண்டுதான். ஒன்று ஓடுவது, இன்னொன்று கல்லெடுப்பது. ஓடினால் அநேகமாகக் கடி உறுதி. கல் விஷயம் அப்படியல்ல. எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது உங்களைக் காப்பாற்றவும் செய்யும், காவல் நிலைய பெஞ்சில் உட்காரவும் வைக்கும். நாய் பாயும் நொடியில் நீங்கள் செய்வதைச் சட்டம் பார்க்கும் விதம் வேறு. அது திரும்பிப் போன பிறகு செய்வதைப் பார்க்கும் விதம் வேறு. அதனால் இந்த வழிகாட்டி நேர வரிசையில் போகிறது: கடிக்கு முன், கடிக்கும்போது, கடித்த பின். பேச்சு பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தெருக்களைப் பற்றியது. சட்டப் பிரிவுகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

1. முதலில் நாயைக் கவனியுங்கள்

குரைக்கும் நாய் கடிக்காது என்பதை நம்ப வேண்டாம், கடிக்கும். ஆனால் குரைப்பு என்பது பெரும்பாலும் "இது என் இடம், தள்ளிப் போ" என்கிற எச்சரிக்கை. அதற்கு மதிப்புக் கொடுத்து விலகினால் பல நேரம் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அதிகம் பயப்பட வேண்டியது சத்தமே போடாமல் உடம்பை விறைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, உங்களையே வெறித்துப் பார்க்கும் நாய்க்குத்தான். முதுகு மயிர் சிலிர்த்திருப்பது, உதடு சுருங்கிப் பல் தெரிவது, வால் விறைப்பாக நிமிர்ந்து நிற்பது எல்லாம் அதே வகை. வால் ஆடுகிறதே என்று ஏமாறக் கூடாது. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடுகிற வால் நட்பு. விறைப்பாக, சின்னதாகத் துடிக்கிற வால் பதற்றம்.

சில நேரங்களில் சாதுவான நாய்கூடக் கடிக்கும். குட்டி போட்ட நாய் அருகில் யார் போனாலும் பாயும். சாப்பிடும்போது, தூங்கும்போது தொட்டாலும் அப்படித்தான். இனச்சேர்க்கைக் காலத்தில் ஒரு பெண் நாயைச் சுற்றி நாலைந்து ஆண் நாய்கள் திரிந்தால் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போகாதீர்கள். சுற்றுவழி இருந்தால் அதில் போய்விடுங்கள்.

காது நுனியில் ஒரு வெட்டு தெரிந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, அப்போது ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசியும் போட்டிருப்பார்கள் என்று அர்த்தம். ஆனால் அந்த ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்பது காதைப் பார்த்தால் தெரியாது. அதனால் கடித்தபின் இதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வாயில் எச்சில் ஒழுக, தாடை தொங்கி, நடை தள்ளாடி, கட்டை கம்பி என்று கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு இலக்கில்லாமல் போகும் நாயைக் கண்டால், அதற்கு ரேபிஸ் இருக்கலாம், கீழே சொல்லும் எந்த உத்தியையும் முயன்று பார்க்க வேண்டாம். வீட்டுக்குள், கடைக்குள், காருக்குள் என்று எங்கே கதவு இருக்கிறதோ அங்கே புகுந்துவிடுங்கள்.

2. நாய் எதிரே நிற்கிறது, இன்னும் பாயவில்லை

நில்லுங்கள். கஷ்டமான காரியம்தான், ஆனால் இதுதான் மிக முக்கியம். ஓடும் எதையும் துரத்துவது நாயின் இயல்பு, ஓட்டத்தில் நீங்கள் அதை ஜெயிக்கப் போவதில்லை. கைகளை ஆட்டாமல் உடம்போடு ஒட்டி வையுங்கள். நாயின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள். அது சவாலாக எடுத்துக்கொள்ளும். அதற்காக முதுகைக் காட்டித் திரும்பவும் கூடாது. லேசாகப் பக்கவாட்டில் திரும்பி, அதன் காலடியைப் பார்த்தபடி, ஒரு அடி, நிறுத்தம், இன்னொரு அடி என்று பின்வாங்குங்கள். கையில் குடை, பை, ஹெல்மெட் என்று எது இருந்தாலும் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். குடையைச் சட்டென்று விரித்தால் பல நாய்கள் தயங்கும்.

கத்திக் கூச்சல் போடுவது நாயின் பதற்றத்தை ஏற்றிவிடும். அடித்தொண்டையில் ஒரே ஒரு முறை, உறுதியாக "ஏய், போ!" என்றால் போதும்.

கல்லெடுப்பதுபோல் குனிவது நம் ஊர் உத்தி. தெருநாய்களிடம் பல நேரம் வேலை செய்யும், ஏனென்றால் அவை கல்லடி பட்டு வளர்ந்தவை. ஆனால் வீட்டில் வளர்ந்த நாய் கல்லடியைக் கண்டிருக்காது, அது பயப்படாது. அதோடு, குனியும்போது உங்கள் முகமும் கழுத்தும் நாயின் வாய் உயரத்துக்கு இறங்கிவிடும். நல்ல தூரம் இருந்தால் மட்டும் குனியுங்கள். நாலடி தூரத்தில் வந்து நிற்கும் நாய் முன் குனிவது மடத்தனம்.

கூட்டமாக வந்தால் ஆபத்து பின்பக்கம்தான். முன்னால் நிற்பவை குரைக்கும், பின்னால் வருவது கெண்டைக்காலைக் கவ்வும். சுவரிலோ நிறுத்தியிருக்கும் வண்டியிலோ முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

3. இருசக்கர வாகனத்தில் போகும்போது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. வண்டியில் போகிறவருக்கு நாயின் பல்லைவிடத் தார்ரோடு பெரிய ஆபத்து. காலைத் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைப்பது, ஓடும் வண்டியிலிருந்து நாயை உதைப்பது, ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பறப்பது எல்லாம் சறுக்கி விழுவதில் போய் முடியும். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். திடீர் பிரேக் வேண்டாம். பெரும்பாலான நாய்கள் துரத்துவது ஓட்டத்தை. வண்டி மெதுவானாலோ நின்றாலோ ஆர்வம் போய்விடும். அதற்குப் பிறகும் விடாமல் வந்தால் வண்டியை நிறுத்தி, நாய்க்கு எதிர்ப்பக்கமாக இறங்கி, வண்டியையே நடுவில் தடுப்பாக வையுங்கள். சைக்கிளுக்கும் இதே முறைதான்.

இரவுநேர டெலிவரி வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: பையில் சாப்பாட்டு வாசனை இருந்தால் நாய்கள் கூடுதலாக நெருங்கும். எந்தத் தெருவில் எந்த முனையில் தொல்லை என்று சக ஊழியர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது எந்தக் கருவியையும்விட உதவும்.

4. கருவிகள்

ஊன்றிக்கொண்டு நடக்கிற ஒரு கைத்தடி எல்லாவற்றையும்விட மேல். பெப்பர் ஸ்பிரே வாங்க இந்தியாவில் உரிமம் தேவையில்லை. ஆனால் காற்று எதிர்த்து வீசினால் உங்கள் கண்ணில்தான் படும். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் நாயை விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி என்று ஆன்லைனில் விற்பதை நம்பி இரவில் தெருவில் இறங்காதீர்கள். ஏர்கன் வேண்டவே வேண்டாம். காயப்பட்ட நாய் இன்னும் மூர்க்கமாகும், வழக்கும் வரும்.

5. பாய்ந்துவிட்டது

முதல் வேலை, கடிக்க வேறு எதையாவது கொடுப்பது. பை, சட்டை, செருப்பு, ஹெல்மெட், எதுவானாலும் அதன் வாய்க்கு நேரே நீட்டுங்கள். தடியை வீசி அடிப்பதைவிட நுனியை முன்னால் நீட்டிப் பிடித்திருப்பது நல்லது. வீசிய தடி திரும்பி வரும் இடைவெளியில் நாய் உள்ளே நுழைந்துவிடும்.

கவ்விவிட்டால் இழுக்காதீர்கள். கை தானாகவே இழுக்கும், ஆனால் இழுக்க இழுக்கத்தான் சதை கிழியும். கவ்விய பகுதியை முடிந்தவரை அசையாமல் வைத்து, மற்ற கையால் துணியை அதன் கண் மேல் போடுங்கள், அல்லது அதன் மூக்கைத் தாக்குங்கள். சுற்றி நிற்பவர்கள் ஒரு பக்கெட் தண்ணீரை முகத்தில் ஊற்றலாம். கழுத்துப்பட்டை உள்ள வளர்ப்பு நாய் பிடியை விடவில்லை என்றால், ஒருவர் பின்னாலிருந்து பட்டையைப் பிடித்து மேல்நோக்கி முறுக்கி மூச்சை அடைக்க வேண்டும். பின்னால் இழுத்தால் காயம்தான் பெரிதாகும்.

கீழே விழுந்துவிட்டால் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு, விரல்களைப் பின்னங்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் காதையும் முகத்தையும் மூடுங்கள். உருளாதீர்கள், கத்தாதீர்கள்.

குழந்தைகளுக்கு இரண்டே பாடம் போதும்: நின்றால் மரம், விழுந்தால் கல். மரம் என்றால் கையைக் கட்டித் தரையைப் பார்த்து நிற்பது. கல் என்றால் மேலே சொன்ன சுருண்ட நிலை. வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், விளையாட்டாகச் செய்ய வையுங்கள். குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் நேரே முகத்துக்கும் கழுத்துக்கும் வரும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

6. கடித்த முதல் ஒரு மணி நேரம்

போலீஸ், சண்டை, வீடியோ எல்லாம் அப்புறம். முதலில் குழாயடி. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைக்கும் 15 நிமிடம் உண்மையில் மூன்று நிமிடமாகத்தான் இருக்கும். சோப்பு ரேபிஸ் வைரஸை அழிக்கக்கூடியது. இந்த ஒரு வேலைக்கு ஈடான முதலுதவி வேறு இல்லை. பிறகு பெட்டாடின் போன்ற கிருமிநாசினி போடலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. இறுக்கமாகக் கட்டவும் கூடாது. ரத்தம் பீறிட்டால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார். முதல் வகை, நல்ல தோலை நாய் நக்கியது, கழுவினால் போதும். இரண்டாவது, ரத்தம் வராத கீறல், லேசான கவ்வல், தடுப்பூசி வேண்டும். மூன்றாவது, தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி அல்லது கீறல், அல்லது காயத்திலோ கண், வாய் போன்ற ஈரமான பகுதிகளிலோ எச்சில் பட்டது. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். இந்த இரண்டாவது மருந்தைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை வைரஸைக் காயத்திலேயே தடுத்து நிறுத்துவது இந்த மருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்றால் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு அன்றே போய்விடுங்கள்.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிக் காலம் மலையேறிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் கடித்த பின் முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆவது நாட்கள் என நான்கு தவணை. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நாய் பத்து நாள் உயிரோடு நலமாக இருக்கிறதா என்று பாருங்கள் என்பார்கள். பாருங்கள், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. டெட்டனஸ் ஊசியும் தேவையா என்று கேளுங்கள். ஊசி அட்டையைத் தொலைக்காதீர்கள். முழுத் தவணையும் போட்டவரை பின்னால் இன்னொரு நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

மருத்துவமனையில் நாய்க்கடி என்று எழுதிய ஓபி சீட்டையும், விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் வழக்குக்கு அதுதான் அடிப்படை. கழுவிய பின் காயத்தைப் படமெடுத்து வையுங்கள்.

7. நீங்கள் நாயை அடித்தது குற்றமா?

பலர் நினைப்பது, "தற்காப்பு உரிமை இருக்கே!" என்று. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா தரும் தற்காப்பு உரிமை, உடலுக்கோ சொத்துக்கோ எதிரான குற்றத்தைத் தடுப்பதற்கானது. நாய் குற்றம் செய்வதில்லை. சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்ய மனிதனால்தான் முடியும். நாயிடமிருந்து உங்களைக் காக்கும் பிரிவு வேறு, இதே சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 81. தீங்கு செய்யும் நோக்கம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு, வேறொரு தீங்கைத் தடுப்பதற்காகச் செய்த செயல் குற்றமாகாது என்கிறது அது. அதன் விளக்கத்தில், தடுக்க முயன்ற ஆபத்து எப்படிப்பட்டது, அது எவ்வளவு உடனடியாக எதிரே நின்றது என்பதை வழக்கின் உண்மைகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த "உடனடி"தான் முழு விஷயமும்.

கவ்விக்கொண்டிருக்கும் நாயைத் தடியால் அடித்தீர்கள், அது செத்தே போனது என்றாலும் சொல்ல உங்களிடம் நியாயம் இருக்கிறது. நாய் ஓடிவிட்டது, பத்து நிமிடம் கழித்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அடித்தீர்கள் என்றால் அந்த நியாயம் போய்விட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி ஒரு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிஸ்கட்டில் விஷம் வைக்கும் "தெருக்கூட்டு முடிவு" நேராக இங்கேதான் வந்து நிற்கும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு தேவையற்ற வலி கொடுப்பதைத் தண்டிக்கிறது. முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதைப் பார்த்து அலட்சியம் வேண்டாம், 325 சேர்ந்தே வரலாம்.

ஒருவர் வேண்டுமென்றே நாயை உங்கள் மீது ஏவிவிட்டால் கதை மாறுகிறது. அங்கே குற்றம் செய்வது மனிதன், நாய் அவனுடைய ஆயுதம். தற்காப்பு உரிமை முழுதாக உங்களுக்கு உண்டு. விலங்கைக் கொண்டு காயப்படுத்துவது 118-ஆவது பிரிவில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

8. நாய்க்கு உரிமையாளர் இருந்தால்

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைதானார். வீட்டு நாய் என்றால் பொறுப்பேற்க ஆள் இருக்கிறார் என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்குப் பொருந்தும் பிரிவு 291. தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவது குற்றம்; ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் 125-ஆவது பிரிவும், மரணம் நேர்ந்தால் 106-ஆவது பிரிவும் சேரும். புகாரில் பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டும் என்றில்லை. எழுத வேண்டியது உண்மைகளை: தேதி, நேரம், இடம், கயிறும் வாய்க்கவசமும் இருந்ததா, உரிமையாளர் உடன் இருந்தாரா, அதே நாய் முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஆபத்து தெரிந்திருந்தும் அலட்சியமாக இருந்தார் என்று காட்ட அதைவிட வலுவான ஆதாரம் இல்லை. சிசிடிவி பதிவைச் சீக்கிரம் கேளுங்கள், சில நாட்களில் அழிந்துவிடும். புகார் கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மருத்துவச் செலவு, வேலை இழப்புக்கு சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம். அதற்கு முன் வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று அனுப்பினாலே பலர் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார்கள்.

9. தெருநாய் என்றால்

2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போடும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. சாக்கில் கட்டி அடுத்த ஊரில் கொண்டுபோய் விடுவது அந்த விதிகளுக்கு விரோதம். பயனும் இல்லை, காலியான இடத்துக்குப் புது நாய்கள் வந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், பிடித்த நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் அதே இடத்தில் விடலாம், ஆனால் ரேபிஸ் உள்ளவை, இருக்குமோ என்று சந்தேகப்படுபவை, ஆக்ரோஷமானவை ஆகியவற்றை விடக் கூடாது என்றது. தெருவில் கண்ட இடத்தில் உணவு போடக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-இல் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே மனுவில் "எங்கள் தெருவில் நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதினால் பயன் குறைவு. "இந்த அடையாளமுள்ள இந்த நாய், இந்தத் தேதிகளில் இத்தனை பேரைக் கடித்தது, இது ஆக்ரோஷமான நாய்" என்று எழுதி, மருத்துவச் சீட்டின் நகல்களை இணையுங்கள். பள்ளி வாசல் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். நாய்க்குச் சோறு வைப்பவரோடு சண்டை போடுவதைவிட, உணவிடத்தை விளையாட்டுத் திடலிலிருந்தும் வாசல், படிக்கட்டுகளிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்திடம் கேளுங்கள். 2023 விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்த நாயைப் பிடிக்கும்போதும் சோறு வைப்பவரின் ஒத்துழைப்புதான் வேலையை எளிதாக்கும்.

சென்னையில் 1913-இல் புகார் பதியலாம். மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகம். அசைவு தெரியவில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு, என்ற வழியும் உண்டு. 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்று கணக்கு வகுத்தது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் வழக்கறிஞர் எடுத்துக் காட்டலாம். அப்படி ஒரு வழக்கு வரும்போது முதலில் தேடுவது, நீங்கள் கொடுத்த மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்பதைத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு அதே நாய் இன்னொருவரைக் கடித்தால், எங்களுக்குத் தெரியாது என்று அலுவலகம் சொல்ல முடியாது.